மீட்டரில் ஒரு குறையும் இல்லை

ஜோயல்,

போன வாரம் நீ புனேவிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது, நான் "சரிடா, சரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். உனக்கு அது கோபமாகப் பட்டிருக்கலாம். கோபமில்லை. இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, நரம்பு மெலிய ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதாக நீ சொன்னாய். "ஆரம்பந்தாம்பா, சின்னதுதான்" என்றாய். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அனிதாவிடம் எங்கள் கல்யாணம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்கிறேன் என்றாய். கடைசியாக, ஆபீஸ் வேலைக்காக ஒரு பெரிய திரை வாங்கிவிட்டதாகவும், எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிவதாகவும் சொன்னாய். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இந்தக் கடிதத்தின் முன்னால் உட்கார வைத்திருக்கிறது. அகலமான தாளில், தடித்த கறுப்புப் பேனாவில் எழுதுகிறேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரியைத் தேடும்போது அது எனக்கு உடனே கிடைப்பதில்லை. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுமையாகப் படி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ நீண்ட விடுப்பில் வந்து சாந்தோமில் எங்களோடு தங்கியிருந்தாயே, அந்த நாட்களைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். நம்முடைய நீலக் காரை உனக்கு நன்றாகத் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது. ராயப்பேட்டைப் பள்ளியில் நான் பூகோளம் சொல்லிக்கொடுத்த கடைசி வருஷங்கள் முழுக்க அதில்தான் போய்வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் அதுதான். நீ வந்திறங்கிய அன்று சாயங்காலம் அடையாறு வரை போய்வந்தோம். வரும் வழியில் நான்தான் உன்னிடம் சொன்னேன்: "டேய், மீட்டர் ரொம்ப மங்கிப்போச்சுடா. இருட்ட ஆரம்பிச்சா முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியல." நீ எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பல்புப்பா, அதான். நான் பாத்துக்கறேன்" என்றாய். நானும் அதைத்தான் நம்பினேன். இருட்டும் நேரத்தில் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு எதுவுமே இருக்காது. தலையைக் குனிந்து தேடினால்தான் கிடைக்கும். வேறு எப்படி அதை நான் சொல்லியிருக்க முடியும்? மங்கல் என்ற வார்த்தைதான் வாயில் வந்தது.

மறுநாள் காலையிலேயே நீ ஆரம்பித்துவிட்டாய். மீட்டரைச் சுற்றியிருந்த மூடியின் திருகாணிகளைக் கழற்றி, பின்னால் கையை விட்டு வேகமானியின் கேபிளை விடுவித்து, ஒயர்களின் சொருகிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மொத்தப் பெட்டியையும் ஒரு குழந்தையைத் தூக்கிவருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி மாடிக்குக் கொண்டுவந்தாய். அம்மா சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்துக் கொடுத்தாள். "சாப்பிடற எடத்துலயா?" என்று கேட்டுக்கொண்டேதான் விரித்தாள். முள்ளைக் கழற்றுவதற்கு முன்னால் அது எங்கே நிற்கிறது என்று சின்னதாய் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது வேகம் பொய் சொல்லும் என்று எனக்கு விளக்கினாய். இரண்டு தேக்கரண்டிகளை இரண்டு பக்கமும் கொடுத்து, அடியில் துணி வைத்து, மெல்ல நெம்பினாய். முள் சட்டென்று துள்ளி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் விழுந்தது. நாம் மூவரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டுச் சிரித்தோம். நீயும் நானும் ஒரே மேசையில் குனிந்து ஒரே வேலையைச் செய்தது அதற்கு முன் எப்போது என்று நான் அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

முதலில் பல்புகள். ராயப்பேட்டையில் பஷீர் பாய் கடைக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் அவர், "வாங்க வாத்யாரே, பையன் வந்துகீறாரா?" என்று எழுந்து நின்றார். நீ கேட்ட வெள்ளை எல்.இ.டி. பல்புகளை எடுத்து பேட்டரியில் வைத்துக் காட்டி, "இத்த போட்டீங்கன்னா உள்ள பகல் மாதிரி இருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து மாட்டினாய். இரண்டு எரியவில்லை. திருப்பிப் போட்டதும் எரிந்தன. "இதுக்கு ப்ளஸ் மைனஸ் இருக்குப்பா" என்றாய். காரில் பொருத்தி, சாயங்காலம் என்னை ஓட்டச் சொன்னாய். சாந்தோம் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதும், "எப்படிப்பா?" என்றாய். "பரவால்ல. ஆனா இன்னும் பத்தலடா" என்றேன்.

அப்படியானால் கறுப்பு டயல்தான் காரணம் என்று முடிவு செய்தாய். மறுபடியும் பெட்டி மேசைக்கு வந்தது. பழைய டயலை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் நாள் முழுக்க உட்கார்ந்து, வெள்ளைத் தரையில் கறுப்பு எண்களாக மாற்றி வரைந்தாய். தி. நகரில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடையில் கொடுத்து வாங்கிவந்து, ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டினாய். முள்ளுக்கு ஆரஞ்சு வண்ணம் பூசினாய். மேசைமேல் வைத்துப் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. அம்மா கூட, "புதுக் கடிகாரம் மாதிரி இருக்கு" என்றாள். காரில் உட்கார்ந்து நேராகக் குனிந்து பார்த்தபோது ஒவ்வொரு எண்ணும் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. வண்டி நகர்ந்து, நான் சாலையைப் பார்க்க ஆரம்பித்ததும் அது போய்விட்டது. "ஜோயல், நிக்கறப்ப தெரியுதுடா, ஓட்றப்ப தெரியல" என்று நான் சொன்னதும் உன் முகம் விழுந்துவிட்டது.

மூன்றாவது முறை எண்களை இன்னும் பெரிதாக்கினாய். பாதி எண்களை எடுத்துவிட்டு, இருபது, நாற்பது, அறுபது என்று மட்டும் வைத்தாய். பெட்ரோல் முள்ளின் டயலில் கடைசிக் கால் பாகத்துக்குச் சிவப்பு அடித்தாய். அதையும் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். என் மௌனத்தைப் பார்த்துத்தான் உனக்குக் கோபம் வந்தது. "இதுக்கு மேல டயல்ல எடமே இல்லப்பா! தெரு முனைல இருந்து பாத்தாக்கூட தெரியும்! நீங்க பாக்கறதே இல்ல, அதான்!" என்று கத்தினாய். நானும் பதிலுக்குக் கத்தினேன். வயதான மனுஷன் ஒன்று சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று நினைக்க மாட்டாயா என்றேன். அம்மா நடுவில் வந்து, "ஒரு மீட்டருக்கா இந்தச் சண்டை?" என்று இருவருக்கும் காபி கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வேகம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகலாம் என்றாய். சமாதானத்துக்குத்தான் கூப்பிட்டாய், எனக்குத் தெரியும். நான் ஓட்டினேன், நீ பக்கத்தில், அம்மா பின் சீட்டில் உன் போனைப் பிடித்துக்கொண்டு. போன் காட்டும் வேகத்தை அவள் உரக்கப் படிக்க வேண்டும், நீ முள்ளைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். திருவான்மியூர் தாண்டியதிலிருந்து பாலவாக்கம் வரை அவள் ஜெபமாலை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தாள்: "முப்பத்தெட்டு... நாப்பது... நாப்பத்திரண்டு... ஏங்க, பஸ்ஸு நிக்குது, மெதுவா!... முப்பது." நீ சிரித்துச் சிரித்து எழுதக் கூட முடியாமல் போனாய். பாலவாக்கத்தில் கடலோரம் நிறுத்தி இளநீர் குடித்தோம். முள்ளை ஒரு மயிரிழை பின்னால் தள்ளி வைத்தால் போதும் என்றாய். திரும்பும்போது அம்மா, "வர்ற வழில மீன் வாங்கிக்கலாம்" என்றாள். அதனால்தான் பட்டினப்பாக்கத்திலிருந்து கடலை ஒட்டிய சாலையில் திரும்பினோம்.

நொச்சிக்குப்பம் அருகே சாலையோரத்தில் மீன்காரப் பெண்கள் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதை எழுதும்போதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அவர்களைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் சாலை இருந்தது, வெயில் இருந்தது, தூரத்தில் ஒரு ஆட்டோ இருந்தது. நீ "அப்பா!" என்று அலறினாய். இடது சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. பலகை முறிகிற சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், சங்கரா மீன்கள் தார்மேல் நசுங்கிக் கிடந்தன. அந்தப் பெண் பின்னால் சாய்ந்து விழுந்து, தன் கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கை இருந்த இடத்திலிருந்து சக்கரம் போன இடத்துக்கு ஒரு சாண் கூட இல்லை.

"யோவ்! கண்ணு பொடனியிலயா கீது? ஆளு உக்காந்துகினு கீறது தெரில உனக்கு?" என்று அவள் எழுந்தாள்.

"நான் பாக்கலம்மா" என்றேன்.

"பாக்கலியா? மூஞ்சிக்கு நேரா கீறேன், பாக்கலன்றே! குடிச்சிக்கீறியா?" என்று கிட்டே வந்து என் முகத்தை முகர்ந்தாள். அப்புறம் என் நரைமுடியையும் அம்மா காருக்குள் அழுவதையும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இன்னா பெரியவரே, ஒடம்பு செரியில்லியா? எதுக்கு வண்டிய எடுத்துகினு வர்றே?"

நீ அவளிடம் கைகூப்பினாய். அவளுடைய மீனுக்கும் பலகைக்கும் உரியதைக் கொடுத்தாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே போய் நின்றுகொண்டு, "அப்பா, நேரா ரோட்ட பாருங்க. நான் தெரியறனா?" என்றாய். நான் சாலையைப் பார்த்தேன். நீ இல்லை. "நிஜமாவே தெரியலையா?" என்று மறுபடியும் கேட்டாய். அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. சாவியை என் கையிலிருந்து நீயே எடுத்துக்கொண்டாய். வீடு வரை நீயே ஓட்டினாய். வீட்டுப் படியேறும்போதுதான் அம்மா சொன்னாள்: "கொஞ்ச நாளாவே கதவுல இடிச்சுக்கறாரு. படில கால் தடுக்குது. பக்கத்துல வச்ச தண்ணிய தட்டிவுட்டுட்றாரு. வயசாவுதுன்னு நெனச்சேன்டா."

கண் மருத்துவமனையில் நீ என்னோடு இருந்தாய், ஆனால் அந்தச் சோதனை அறைக்குள் நான் தனியாகத்தான் இருந்தேன். முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் பார்க்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்த்துக்கொண்டு, சுற்றி எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் காத்திருந்தேன். நீண்ட நேரம் எதுவும் மின்னவில்லை. இயந்திரம் பழுது போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒரு பெண் டாக்டர் உன்னையும் உள்ளே கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். வட்டமாக இருந்தது. கீழ்ப் பாதி முழுக்கக் கறுப்பு, ஓரமெல்லாம் கறுப்பு. "சார், நீங்க நேரா பாக்கும்போது கீழ இருக்கறது எதுவும் உங்களுக்கு வரல. பக்கமும் ரொம்பக் குறைஞ்சிருக்கு. கண்ணுல அழுத்தம் கூடி நரம்பு மெலிஞ்சிருக்கு. இது பல வருஷமா மெதுவா நடந்திருக்கும். வலி இருக்காது. இல்லாத எடத்த மூளையே ரொப்பிக்கும், அதனால தெரியாது" என்றார். நீ மெல்லிய குரலில், "மேடம், மீட்டர் மங்கலா இருக்குன்னு சொன்னாரு. நான் டயலெல்லாம் மாத்தினேன்" என்றாய். அவர் உன்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் அவர் எனக்கு நேர் எதிரே இருந்தார். "மீட்டர்ல ஒரு குறையும் இருந்திருக்காதுப்பா" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். சொட்டு மருந்து, லேசர், அறுவை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். இருப்பதும் ஒவ்வொரு சோதனையிலும் கொஞ்சம் குறைந்துகொண்டேதான் வருகிறது. என் அப்பாவும் கடைசியில் சுவரைத் தடவித்தான் கோயிலுக்குப் போனார். அவருக்கு இதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்தார். காரை விற்றுவிட்டோம். வாங்க வந்தவர் உன் வெள்ளை டயலைப் பார்த்து, "இது கம்பெனி மீட்டர் இல்லியே சார்" என்று முகம் சுளித்தார். நான் உள்ளே போய், நீ பத்திரமாக எடுத்து வைத்திருந்த பழைய கறுப்பு டயலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனை வரை அது போனதாக அம்மா சொன்னாள். எனக்கு இரண்டாவது வீடு வரைதான் இருந்தது.

நீ ஒரு முறை போனில் அழுதுகொண்டே கேட்டாய்: "மீட்டர நோண்டிக்கிட்டு இருந்த நேரத்துக்கு உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாம்லப்பா?" அந்தச் சில வாரங்களில் எதுவும் மாறியிருக்காது, ஜோயல். பல வருஷமாகக் கரைந்ததை எந்த டாக்டரும் திருப்பிக் கொடுத்திருக்க முடியாது. அதற்காக நீ உன்னை நொந்துகொள்ளாதே. மேசை விளக்கின் கீழ் உன் கை அந்த முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் முழுதாகப் பார்த்தேன். இப்போது அவ்வளவு முழுதாக எதையும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த நாட்களில் நடந்ததை நீ மறந்துவிடவும் கூடாது. நாம் இருவரும் கெட்டிக்காரத்தனமாக, ஆசையாக, நாள் கணக்கில் உட்கார்ந்து, பழுதில்லாத ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். நீ பெரிய திரை வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது நான் போனை வைத்துவிட்டது அதனால்தான். திரையைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லவில்லை. எழுத்து நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. எனக்கு எழுத்து இன்றைக்கும் தெரிகிறது. மனிதர்கள்தான் தெரிவதில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லிவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை மறைக்க என்னால் முடியவில்லை. சாயங்காலம் எனக்குச் சொட்டு போடுவதற்காக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானே போட்டால் மருந்து கன்னத்தில் விழும் என்று எப்போதும் அவள்தான் போடுவாள். அப்போதுதான் சொன்னேன். என் இமையை விரலால் விலக்கி, ஒரு கண், அப்புறம் மறு கண் என்று போட்டாள். மூடியை இறுக்கித் திருகினாள். அப்புறம் கேட்டாள்: "அவனுக்கு அங்க யாரு போடுவா?"

அந்தக் கேள்வியை உன்னிடம் அனுப்புகிறேன். அனிதாவிடம் சொல், ஜோயல். கோயிலில் உங்கள் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் சொல். அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. "கல்யாணம் நிக்கட்டும்னா சொல்றீங்க?" என்று என்னிடம் அழுதாள். நின்றாலும் நிற்கலாம். அந்தப் பெண் வேண்டாம் என்றால் அவள்மேல் எனக்கு வருத்தம் இருக்காது. என்னோடு வாழ்கிறவள் எப்படி வாழ்கிறாள் என்று நான் தினமும் பார்க்கிறேன். நான் எழுந்தால் அவளும் எழுகிறாள். நாற்காலியை யாராவது நகர்த்திப் போட்டால் ஓடிவந்து பழைய இடத்தில் போடுகிறாள். அவளைக் கேட்டுக்கொண்டு யாரும் அவளுக்கு இதைக் கொடுக்கவில்லை. அனிதாவைக் கேட்டுவிட்டாவது கொடு. உனக்கு மருந்து கேட்கும், வயது இருக்கிறது, சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கும், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றுதான் சொன்னார்கள். உனக்கு அது உண்மையாக இருக்கட்டும். நான் அதை நம்ப முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை. நம்பாமலே ஜெபிக்கிறேன். கண் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் நாளிலும் மருந்தை விடாதே. இருட்டும் நேரத்தில் வண்டி எடுக்காதே. பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தட்டிவிட்டால் சிரித்துவிட்டுப் போகாதே, டாக்டரிடம் போ.

கல்யாணம் நடந்தால், என்னையும் அம்மாவையும் முன்வரிசையில் ஓரமாக உட்கார வைப்பார்கள். சாமியார் உங்களைப் பீடத்தைப் பார்த்து நிற்கச் சொல்வார். நீ தாலி கட்டுவது எனக்குத் தெரியாது. அம்மா காதில் சொல்லுவாள், பரவாயில்லை. எல்லாம் முடிந்து நீங்கள் இருவரும் திரும்பி நடந்து வரும்போது என் பக்கமாகக் கடந்து போய்விடாதே. நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் எதிரே வந்து, கொஞ்சம் தள்ளி, அசையாமல் நில். போட்டோ எடுப்பவன் கூப்பிட்டாலும் நில். ரொம்பக் கிட்டே வந்தால் உன் முகத்தில் ஒரு பகுதிதான் எனக்குக் கிடைக்கும். நாலடி தள்ளி நின்றால், இப்போதைக்கு, முழு முகமும் அடங்குகிறது. அம்மாவை நிற்க வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு முகம் அடங்காது. முதலில் அந்தப் பெண்ணை நிற்கச் சொல், நான் அவளை இன்னும் பார்த்ததில்லை. அப்புறம் நீ வா.

அப்பா